அம்மா கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கராஜ் கீபேட்

போன வருஷம் அக்டோபர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அம்மா எங்கள் வீட்டு டிரைவ்வேயில் முக்கால் மணி நேரம் நின்றிருந்தாள். அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மிச்சிகனில், டெட்ராய்ட்டுக்கு மேற்கே கேன்டனில் இருக்கிறது எங்கள் வீடு. நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குக் கிளம்பி, பையனும் பஸ் ஏறிய பிறகு, ஊரில் நடப்பதுபோல இங்கேயும் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வரலாம் என்று வெளியே இறங்கியிருக்கிறாள். முன்கதவு சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். போன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது. வெளியே 40 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 5 டிகிரி செல்சியஸ்கூட இல்லை. ஆபீஸ் பேட்ஜை மறந்துவிட்டு நான் திரும்பி வந்ததால் பார்த்தேன். இல்லாவிட்டால் பையன் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை அங்கேயே நின்றிருப்பாள்.

"ஏட்டி, யார் வீட்டுக் கதவைப் போய்த் தட்ட? தெருவுல ஒரு ஈ காக்கா இல்ல," என்றாள். கை ஐஸ்கட்டியாக இருந்தது.

அன்று ராத்திரி என் வீட்டுக்காரர் சாவி ஒன்று கொடுத்துவிடலாம் என்றார். ஊரில் அம்மா சாவியை முந்தானையில் முடிந்துகொள்வாள். இங்கே சேலைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் கோட்டு. எங்கள் முன்கதவுப் பூட்டோ கதவை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் சாவியைத் திருப்பினால்தான் திறக்கும். முடக்குவாதம் வந்த விரலுக்கு அது ஆகாது. போன் ஆப்பும் ஆகாது, காரணம் போனை எடுக்க மறப்பதுதான் பிரச்சினையே. நாலு எண்ணை அமுக்கினால் கராஜ் கதவு திறக்கும் கீபேட் ஒன்றை மாட்டினால் எதையும் கையில் எடுத்துப் போக வேண்டாம். ஆளை அழைக்காமல் நாங்களே ஒரு சனிக்கிழமையில் மாட்டினோம். வயதான அப்பா அம்மா வந்து தங்கும் வீடு, சாவியைத் தொலைக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடு எதுவானாலும் இது உதவும் என்பதால், நான் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

கடைக்குப் போகும் முன் ஏணியில் ஏறுங்கள்

எல்லாக் கீபேடும் எல்லா ஓப்பனரோடும் சேராது. ஓப்பனர் என்பது கராஜ் கதவைத் தூக்கி இறக்கும் மோட்டார். அதனால் முதலில் கராஜ் கூரையில் தொங்கும் மோட்டார் பெட்டியின் பின்பக்கத்தையும், பல்ப் மூடியின் உள்பக்கத்தையும் பாருங்கள். சின்னதாக ஒரு பட்டன் இருக்கும். 'லேர்ன்' என்று எழுதியிருக்கும், புது ரிமோட்டையும் கீபேடையும் ஓப்பனரில் சேர்ப்பது அதுதான். அந்தப் பக்கத்திலிருந்தே ஒரு மெல்லிய ஒயர் சாண் நீளத்துக்குத் தொங்கும், அதுதான் ஆன்டெனா. கம்பெனி பெயர், மாடல் எண், லேர்ன் பட்டனின் நிறம் மூன்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சேம்பர்லெயின், லிஃப்ட்மாஸ்டர் இரண்டும் ஒரே குழுமத்தின் பெயர்கள். சியர்ஸ் கடைகளில் பல வருஷம் விற்ற கிராஃப்ட்ஸ்மேன் ஓப்பனர்களையும் பெரும்பாலும் அவர்கள்தான் செய்து கொடுத்தார்கள். இந்த மூன்றிலும் பட்டன் நிறமே வயதைச் சொல்லிவிடும். மஞ்சள் என்றால் 2011க்குப் பிறகு வந்த செக்யூரிட்டி பிளஸ் 2.0 என்ற முறை. ஊதா என்றால் அதற்கு முந்தைய தலைமுறை, 315 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. சிவப்பு அல்லது ஆரஞ்சு அதற்கும் முந்தியது, 390 மெகாஹெர்ட்ஸ். பச்சை 90களின் நடுவில் வந்தது. வெள்ளைப் பட்டன் இருந்தால் அது புத்தம்புதுசு, கீபேட் பெட்டியில் வெள்ளை நிறத்தையும் குறிப்பிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஜீனி கம்பெனியின் ஓப்பனர் வேறு ஜாதி, இன்டெலிகோட் என்ற முறையில் ஓடுவது. அதற்கு ஜீனி கீபேடோ, பல கம்பெனிகளுக்கும் பொது என்று பெட்டியில் எழுதியிருக்கும் கீபேடோதான் வேண்டும். எங்களுடையது மஞ்சள். கீபேட் 40 டாலர் பக்கம் ஆனது.

லேர்ன் பட்டனே இல்லாமல், குட்டிக் குட்டி ஸ்விட்ச்கள் வரிசையாக இருந்தால், ரிமோட் அனுப்பும் கோடு, அதாவது ரகசிய எண், மாறவே மாறாத பழைய ஓப்பனர் அது. அதற்குக் கீபேட் வாங்காதீர்கள், ஓப்பனரையே மாற்றுங்கள். இதை நான் அழுத்தியே சொல்வேன். பன்னிரண்டு ஸ்விட்ச் இருந்தாலும் மொத்தம் 4,096 சேர்க்கைகள்தான். 2015இல் சாமி காம்கர் என்ற பாதுகாப்பு ஆராய்ச்சியாளர், மேட்டல் கம்பெனி விற்ற ஒரு குழந்தைகள் விளையாட்டுச் சாமானை மாற்றியமைத்து, இப்படிப்பட்ட கதவுகளைப் பத்து வினாடிக்குள் திறந்து காட்டினார். மஞ்சள், ஊதா, சிவப்பு வகைகளில் ஒவ்வொரு முறை அமுக்கும்போதும் கோடு மாறிக்கொண்டே இருக்கும். நேற்று காற்றில் போன கோடு இன்றைக்குச் செல்லாது.

இன்னொன்றும் உண்டு. ஓப்பனர் 1993க்கு முந்தியதென்றால், கதவின் இரண்டு பக்கமும் தரைக்கு அருகில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும் சென்சார் கண்கள் அதில் இல்லாமல் இருக்கலாம். அந்த வருஷம் ஜனவரி 1 முதல்தான் அமெரிக்காவில் அந்தப் பாதுகாப்பு கட்டாயமானது. கண் இல்லாத கதவுக்கு வெளியிலிருந்து மூட ஒரு வழி வைத்துக் கொடுப்பது சரியில்லை.

பழைய கோடுகளை அழிப்பது

இந்த வீட்டை 2019இல் வாங்கினோம். பழைய வீட்டுக்காரர் இரண்டு ரிமோட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போனார். நாங்களும் அதையே ஆறு வருஷமாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தோம். அவரிடம் மூன்றாவது ரிமோட் இருந்ததா, அவர் கார் பட்டனில் எங்கள் கதவு இன்னும் பதிந்திருந்ததா, பக்கத்து வீட்டில் யாருக்காவது எண் கொடுத்திருந்தாரா என்று ஒருநாளும் யோசித்ததில்லை. முன்கதவுப் பூட்டை மட்டும் குடி வந்த வாரமே மாற்றினோம். கீபேட் வேலைக்காக ஏணியில் ஏறி நின்றபோதுதான் அது உறைத்தது. வாங்கிய வீடென்றால் இந்த வேலையோடு சேர்த்து எல்லாவற்றையும் துடைத்துவிடுங்கள்.

சேம்பர்லெயின் வகையில் லேர்ன் பட்டனை விடாமல் ஆறு வினாடி அமுக்கிப் பிடித்தால், பக்கத்தில் எரியும் குட்டி விளக்கு அணையும். அதோடு எல்லா ரிமோட்டும் எல்லாக் கீபேடும் அதன் நினைவிலிருந்து போய்விடும். இதன் மறுபக்கத்தையும் மனதில் வையுங்கள். கீபேடை மட்டும் சேர்க்க நினைத்து அந்தப் பட்டனில் கையை ஊன்றிவிட்டால், சேர்ப்பதற்குப் பதில் எல்லாம் அழிந்துவிடும். சேர்க்க, ஒரு தட்டு. அழிக்க, ஆறு வினாடி.

அழித்ததும் கீழே இறங்கி, பழைய ரிமோட்டை அமுக்கிப் பாருங்கள். கதவு அசையக் கூடாது. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். ரிமோட்டுக்கு, லேர்ன் பட்டனை ஒருமுறை தட்டிவிட்டு, முப்பது வினாடிக்குள் ரிமோட் பட்டனை அமுக்கிப் பிடித்து, ஓப்பனரின் பல்ப் மினுக்கியதும் விட வேண்டும். கார் கண்ணாடியிலோ கூரையிலோ இருக்கும் பட்டனையும் மறக்காதீர்கள். நாங்கள் மறந்தோம். என் வீட்டுக்காரர் அன்று சாயங்காலம் கடைக்குப் போய்விட்டு வந்து, காருக்குள் உட்கார்ந்து பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தார், கதவு அசையவில்லை. ஒருவர் ஏணியில் லேர்ன் பட்டனைத் தட்ட, இன்னொருவர் காருக்குள் அந்தப் பட்டனை இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு வினாடி அமுக்கி விட்டால் அது சேர்ந்துவிடும்.

சுவரில் மாட்டும் முன்பே எண்ணைப் பதியுங்கள்

பல பேர் கீபேடைச் சுவரில் திருகிவிட்டு அப்புறம் பதிவு செய்யப் போவார்கள். லேர்ன் பட்டனைத் தட்டியதிலிருந்து முப்பது வினாடிதான் கெடு. அதற்குள் ஏணியிலிருந்து இறங்கி, காரைச் சுற்றி வெளியே ஓடி எண்ணை அமுக்க வேண்டும். ஏணியில் அவசரப்படும் வேலையே வேண்டாம். கீபேடில் பேட்டரியைப் போட்டுக் கையிலேயே எடுத்துக்கொண்டு ஏறுங்கள். சில மாடல்களில் உள்பக்கச் சுவர் பட்டனிலேயே லேர்ன் வசதி உண்டு, அப்படியிருந்தால் ஏணியே தேவையில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். லேர்ன் பட்டனைத் தட்டி விடுங்கள். குட்டி விளக்கு அணையாமல் எரியும். கீபேடில் நீங்கள் விரும்பும் நாலு எண்ணை அமுக்குங்கள். பிறகு என்டர் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருங்கள். ஓப்பனர் பல்ப் மினுக்கும், அப்போது விடுங்கள். பல்ப் இல்லாத ஓப்பனர் என்றால் உள்ளே 'டிக் டிக்' என்று இரண்டு சத்தம் கேட்கும். பதிந்துவிட்டது. இது சேம்பர்லெயின், லிஃப்ட்மாஸ்டர் வழி. ஜீனியிலும் மற்றவற்றிலும் பட்டன் வரிசை வேறு என்பதால் பெட்டிக்குள் இருக்கும் தாளைத்தான் பின்பற்ற வேண்டும். அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். நான் அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, உள்பக்கச் சுவர் பட்டனுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

பதிந்ததும், மாட்டப்போகும் இடத்துக்குப் போய், கதவை முழுக்க மூடிவிட்டு, பெயின்டர்கள் ஒட்டும் நீல டேப்பால் கீபேடைச் சுவரில் ஒட்டி, எண்ணை அமுக்கிப் பாருங்கள். கதவு திறந்திருக்கும்போது பார்ப்பது போதாது. இரும்புத் தகடுக் கதவு மூடியிருக்கும்போது சிக்னல் குறையும். மூன்று தடவை தவறாமல் திறந்தால் அந்த இடம் சரி. எங்களுக்கு முதலில் நினைத்த இடத்தில் மூன்றில் ஒரு தடவை திறக்கவில்லை. காரணம் இடம் இல்லை. ஓப்பனரில் நாங்கள் போட்டிருந்த மலிவான எல்இடி பல்பு. சில எல்இடி பல்புகள் ரிமோட்டின் அலைவரிசையிலேயே இரைச்சல் கிளப்பும். கழற்றிவிட்டுப் பார்த்தோம், உடனே திறந்தது. கராஜ் ஓப்பனருக்கென்றே விற்கும் எல்இடியை வாங்கிப் போட்ட பிறகு தொந்தரவு இல்லை. ரிமோட் கதவுக்கு மிகப் பக்கத்தில் வந்தால்தான் வேலை செய்கிறது என்று சொல்கிறவர்களும் முதலில் இந்தப் பல்பைத்தான் கழற்றிப் பார்க்க வேண்டும். ஆன்டெனா ஒயர் சுருண்டோ மேலே மடங்கியோ இருந்தால் நேராகத் தொங்கவிடுங்கள்.

எவ்வளவு உயரம்

எனக்கு அதிக நேரம் எடுத்தது இந்த முடிவுதான். தரையிலிருந்து குறைந்தது 5 அடி உயரத்தில், சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் மாட்ட வேண்டும் என்பது எல்லாக் கீபேட் தாளிலும் இருக்கும் விதி. 5 அடி என்றால் 152 சென்டிமீட்டர். என் அம்மாவின் உயரம் 4 அடி 10 அங்குலம், 147 சென்டிமீட்டர்தான். கீபேட் அவள் தலைக்கு மேலே வருகிறது. தோள் வலியால் வலது கையை அவ்வளவு தூக்கவும் சிரமம்.

நாலரை அடியில் மாட்டிவிடலாமா என்று பென்சிலால் கோடுகூடப் போட்டேன். அப்புறம் பக்கத்து வீட்டு ஏழு வயதுப் பையன் நினைவுக்கு வந்தான். எங்கள் டிரைவ்வேயில்தான் சைக்கிள் ஓட்டுவான். அவனுக்கு நாலரை அடி எட்டிவிடும். எண் தெரியாவிட்டாலும் ஆபத்துதான், ஏனென்றால் இந்த வகைக் கீபேடில் திறந்த கதவை மூட எண் வேண்டாம், என்டர் மட்டும் போதும். இரண்டு கார் நுழையும் கதவு நூறு பவுண்டுக்கு மேல் எடை. அது இறங்கும்போது அடியில் புகுந்து ஓடுவது பிள்ளைகளுக்கு விளையாட்டு. அந்தக் கோட்டை அழித்தேன்.

கடைசியில் கீபேடின் அடிவிளிம்பு மிகச் சரியாக 5 அடியில் வரும்படி வைத்தோம், ஒரு அங்குலம்கூட மேலே போகாமல். இங்கே பல வீடுகளில் ஆறடி ஆண்கள் தங்கள் கண் மட்டத்துக்கு மாட்டியிருப்பதைப் பார்க்கிறேன். 5 அடியும் விதிக்குள்தான், பாட்டிகளுக்கும் எட்டும். டேப்பில் ஒட்டியிருந்தபோதே அம்மாவை அழைத்து அமுக்கச் சொன்னேன். இடது கையால் எளிதாக எட்டுகிறது என்றாள். அதனால் கதவின் வலதுபக்கச் சட்டத்திலிருந்து இடதுபக்கச் சட்டத்துக்கு மாற்றினோம், அங்கே நின்றால் இடது கை சுவர்ப் பக்கம் வருகிறது. யாருக்காக மாட்டுகிறீர்களோ அவரையே நிற்க வைத்து இடத்தை முடிவு செய்யுங்கள்.

இடம் பார்க்கும்போது இன்னும் சில விஷயங்கள். எண்ணை அமுக்குகிறவருக்குக் கதவு முழுதும் தெரிய வேண்டும், ஆனால் அவர் கதவு இறங்கும் வழியில் நிற்கக் கூடாது. தெருவிலிருந்து பார்ப்பவருக்கு விரல் தெரியாமல் முதுகு மறைக்க வேண்டும். கூரை நீர் நேராகச் சொட்டும் இடமாக இருக்கக் கூடாது. சட்டத்தின் உள்மடிப்பு மழைக்கும் பனிக்கும் நல்ல மறைவு, ஆனால் கதவும் அதன் ரப்பர் ஓரமும் உரசாத இடமா என்று ஒருமுறை திறந்து மூடிப் பாருங்கள்.

திருகுவது

பேட்டரி மூடியைக் கழற்றினால் கீபேடின் முதுகில் மேலே ஒரு துளையும், பேட்டரி இருக்கும் பள்ளத்தில் ஒன்றோ இரண்டோ துளையும் தெரியும். மேல் துளைக்கு நேராகப் பென்சில் குறி வைத்து, 3/32 அங்குல பிட்டால் துளை போட்டு, ஸ்க்ரூவைத் தலை மட்டும் எட்டில் ஒரு அங்குலம் வெளியே நிற்கும்படி திருகுங்கள். கீபேடை அதில் மாட்டித் தொங்கவிட்டு, நேராக இருக்கிறதா பார்த்து, கீழ்த் துளைக்குக் குறி வைத்து, எடுத்துவிட்டுத் துளை போட்டு, மறுபடி மாட்டிக் கீழ் ஸ்க்ரூவை முறுக்குங்கள். ட்ரில்லால் முறுக்க வேண்டாம், ஸ்டார் ஸ்க்ரூடிரைவரால் கையாலேயே முறுக்குங்கள். அதிகம் இறுக்கினால் பிளாஸ்டிக் வளைந்து மேல் மூடி நகராது.

எங்கள் கதவைச் சுற்றியுள்ள மரச்சட்டத்துக்கு மேல் வெள்ளை அலுமினியத் தகடு போர்த்தியிருக்கிறது, இந்தப் பக்கத்து வீடுகளில் அது சாதாரணம். தகட்டில் ட்ரில் வழுக்கி ஓடாமல் இருக்க முதலில் ஆணி முனையால் ஒரு சின்னக் குழி தட்டிக்கொள்ளுங்கள். துளைக்குள் ஒரு சொட்டு சிலிக்கான் விட்டுவிட்டு ஸ்க்ரூவை ஏற்றினால் தண்ணீர் மரத்துக்குள் போகாது. சுவருக்கு வெளியே போர்த்தியிருக்கும் பிளாஸ்டிக் தகடான வினைல் சைடிங் மேல் மாட்டாதீர்கள், அது மெல்லிசு, பின்னால் வெற்றிடம், வெயிலுக்கும் குளிருக்கும் விரிந்து சுருங்கும். செங்கல் சுவர் என்றால் ஹாமர் ட்ரில், கல் துளைக்கும் பிட், பிளாஸ்டிக் பிளக் மூன்றும் வேண்டும்.

நாலு எண்

நாலு இலக்கத்தில் 10,000 சேர்க்கைகள் உண்டு. ஆனால் ரப்பர் பட்டன்கள் நாலைந்து வருஷத்தில் தேய்ந்து, எந்த எண்களை அமுக்குகிறோம் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். நாலு வெவ்வேறு எண்கள் தேய்ந்திருந்தால் திருடனுக்கு 24 சேர்க்கைகள் முயன்றால் போதும். மூன்று எண்களில் ஒன்றை இரண்டு தடவை வைத்தால் 36 ஆகிறது. கேட்க விசித்திரமாக இருந்தாலும் எண்ணிப் பார்த்தால் சரியாக வரும். எப்படியானாலும் வருஷத்துக்கு ஒரு தடவை எண்ணை மாற்றினால் தேய்மானமும் பரவலாகும். வீட்டு எண், பிறந்த வருஷம், 1234, கீபேடின் நடு வரிசையில் நேராக இறங்கும் 2580 இவை வேண்டாம்.

அம்மாவுக்கோ புது எண் மனதில் நிற்காது. அதனால் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த எண்ணையே தேடினோம். எங்கள் தெருவில் முதன்முதலில் போன் வந்த வீடு ஒன்று உண்டு. 80களில் எனக்கு அம்மை போட்டிருந்தபோதும், அப்பா மதுரையில் ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் அந்த வீட்டுக்குத்தான் போன் வரும். அந்த எண்ணைக் கேட்டதும் அம்மா யோசிக்காமலே ஒப்பித்தாள். அந்த வீடும் இல்லை, போனும் இல்லை. இங்கே யாருக்கும் அதை ஊகிக்க வழியும் இல்லை. வயதானவர்களுக்கு எண் வைக்கும்போது இப்படிக் கேளுங்கள். பழைய போன் எண், ஓட்டிய வண்டி எண், வேலை பார்த்த இடத்தில் டோக்கன் எண் என்று நாற்பது வருஷத்துக்கு முன் பதிந்த ஏதோ ஒன்று கட்டாயம் இருக்கும்.

சேம்பர்லெயின் வகையில் எண்ணை மாற்ற ஏணி ஏற வேண்டாம். பழைய எண்ணை அமுக்கி, '#' பட்டனைப் பிடித்துக்கொண்டிருந்தால் ஓப்பனர் பல்ப் இரண்டு தடவை மினுக்கும். பிறகு புது எண், என்டர். உங்கள் எண்ணை அமுக்கிவிட்டு '#'க்குப் பதில் '*' பிடித்தால் மூன்று தடவை மினுக்கும், அது தற்காலிக எண் கொடுக்க. தற்காலிக எண்ணை அமுக்கியபின் இத்தனை மணி நேரம் என்று எண்ணிட்டு '*' அமுக்கினால் அவ்வளவு நேரம் மட்டும், இத்தனை தடவை என்று எண்ணிட்டு '#' அமுக்கினால் அத்தனை தடவை மட்டும் கதவு திறக்கும். இரண்டுக்கும் உச்சம் 255. டிசம்பரில் நாங்கள் நாலு நாள் வெளியூர் போனபோது செடிக்குத் தண்ணீர் விட வந்த சிநேகிதிக்கு மூன்று தடவைக்கான எண் கொடுத்தேன். வீட்டு வேலைக்கு வருகிறவர்களுக்கு உங்கள் சொந்த எண்ணை ஒருபோதும் கொடுக்காதீர்கள், இந்த வசதி அதற்குத்தான் இருக்கிறது.

அம்மாவுக்குப் பழக்கியது

மூடியை மேலே தள்ளுவது, நாலு எண், என்டர். இதை அம்மா பத்துத் தடவை செய்தாள். விரலின் நுனியால் அமுக்கினால் வலிக்கிறது என்றதும், மடக்கிய ஆள்காட்டி விரலின் முட்டியால் அமுக்கச் சொன்னேன், அது சுலபமாக இருந்தது. பாதியில் தவறிவிட்டால் சற்று நின்று முதல் எண்ணிலிருந்து தொடங்க வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். பதற்றத்தில் அதே பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்குவார்கள்.

அதைவிட முக்கியமாக நான் பழக்கியது மூடுவதைத்தான். வெளியே போகும்போது என்டரை அமுக்கிவிட்டு உடனே நடக்கக் கூடாது, கதவு தரையைத் தொடும்வரை நின்று பார்க்க வேண்டும். இலையுதிர் காலத்தில் ஒரு மேப்பிள் இலை சென்சார் கண்ணுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டாலே கதவு பாதி இறங்கித் திரும்ப மேலே போய்விடும், பல்ப் பத்துத் தடவை மினுக்கும். அந்தக் கண் தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்குள் இருப்பதால் இலையும் பனிக்கட்டியும் சிலந்தி வலையும் அதை மறைத்துக்கொண்டே இருக்கும். கீபேடை எத்தனை தடவை அமுக்கினாலும் மூடாது. இலையை எடுத்துவிட்டு அமுக்கினால் மூடிவிடும். "கண்ணுல தூசி விழுந்தா நாமளும் இமைய மூட மாட்டோமா, அது மாதிரிதான?" என்று அம்மா கேட்டாள். அதற்குப் பிறகு வெளியே போகும்போதெல்லாம் ஒரு விளக்குமாற்றால் அந்த இரண்டு மூலைகளையும் தள்ளிவிட்டுத்தான் போவாள்.

கராஜிலிருந்து வீட்டுக்குள் போகும் கதவைப் பூட்டாமல் வைப்பது எங்கள் பழக்கமாக இருந்தது. கீபேட் வந்த பிறகு ராத்திரியிலும் ஊருக்குப் போகும்போதும் அதையும் பூட்டுகிறோம். நாலு எண்ணுக்கும் நம் படுக்கையறைக்கும் நடுவில் இன்னொரு பூட்டு இருக்க வேண்டும்.

குளிர்காலம், பேட்டரி, கரண்ட்

எங்கள் கீபேடுக்கு 9 வோல்ட் சதுர பேட்டரி, சிலவற்றுக்கு டிரிபிள் ஏ. ஜனவரியில் பட்டன் வெளிச்சம் மங்கியது, பிறகு இரண்டு தடவை அமுக்கினால்தான் திறந்தது. சாதாரண அல்கலைன் பேட்டரி கடுங்குளிரில் சோர்ந்துபோகும். லித்தியம் போட்டோம், மார்ச் வரை பிரச்சினை இல்லை. வெளிச்சம் மங்கினாலே மாற்றிவிடுங்கள், நின்றுபோகும் நாள் எப்போதும் மிகக் குளிரான நாளாகத்தான் இருக்கும். மழை உறைந்து மூடி ஒட்டிக்கொண்டால் வெந்நீர் ஊற்றாதீர்கள், அது மறுபடி உள்ளே போய் உறையும். உள்ளங்கையை அரை நிமிஷம் மூடி மேல் வைத்திருந்தாலே விடும்.

கீபேடில் பேட்டரி இருந்தாலும் கரண்ட் போனால் கதவு திறக்காது, ஏனென்றால் இழுப்பது கூரையிலிருக்கும் மோட்டார். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் புதிதாக விற்கும் ஓப்பனர்களில் பேட்டரி துணை கட்டாயம். எங்கள் ஓப்பனரில் அது இல்லை. உள்ளேயிருந்தால் மோட்டார் தண்டவாளத்தில் தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்துக் கையால் தூக்கலாம், கதவு மூடியிருக்கும்போது மட்டுமே அதை இழுக்க வேண்டும். ஸ்பிரிங் உடைந்த கதவாக இருந்து, திறந்த நிலையில் இழுத்துவிட்டால் மொத்த எடையும் தலைமேல் விழும். வெளியேயிருந்தால் அந்தக் கயிறு எட்டாது.

அதனால் முன்கதவுச் சாவி ஒன்றை எதிர்வீட்டு மிசோரிக்கார அம்மையாரிடம் கொடுத்து வைத்திருக்கிறோம். பகல் முழுதும் வீட்டில் இருப்பவர். அம்மாவை அழைத்துப்போய் அறிமுகப்படுத்தினேன். ஆளுக்கு இரண்டு வார்த்தைதான் பொது பாஷை. அவர் வீட்டுக் கதவு மணி எங்கே இருக்கிறது, எத்தனை தடவை அடிக்கலாம் என்று அம்மா கேட்டுக்கொள்ள, எங்கள் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்று அவர் காட்டினார். திரும்பி வரும்போது அம்மா எங்கள் கீபேட் முன்னால் நின்று, என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, முட்டியால் நாலு எண்ணை அமுக்கிக் கதவைத் திறந்தாள்.